நீலப் பெட்டியின் அடிப்பலகை

வடக்கு டகோட்டா
1961 பிப்ரவரி 20, திங்கள்

அன்பு மகள் வெர்னாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம் என்று தொடங்கத்தான் கை போகிறது. அதை அப்புறம் எழுதிக்கொள்கிறேன். நீ முதலில் ஆர்விட்டைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொள். அந்த நீலப் பெட்டியின் பக்கத்தில் அவனை விடாதே. நீயும் போகாதே. அதை நகர்த்தாதே, அதன்மேல் சாயாதே, அதிலிருந்து ஒரு பொம்மையைக்கூட எடுக்காதே. அடுப்பு அதற்குப் பக்கத்தில்தானே இருக்கிறது? டுவேனிடம் சொல்லி அடுப்பை அணைத்துவிட்டு, மூன்று பேரும் அவர் வேலை பார்க்கும் வானிலை நிலையக் கட்டடத்துக்குப் போய் உட்கார்ந்துகொண்டு மீதியைப் படியுங்கள். அலாஸ்கா குளிரில் வீடு உறைந்துபோனாலும் போகட்டும்.

இதையே சுருக்கித் தந்தியும் கொடுத்திருக்கிறேன். ஆங்கரேஜ் வரை கம்பியில் போகுமாம். அங்கிருந்து புயல் இல்லாத நேரம் பார்த்து உங்களுக்கு ரேடியோவில் சொல்வார்களாம். ஸ்டேஷனில் தந்தி அடிக்கும் மில்ட்ரெட் அதைப் படித்துவிட்டு, "பெட்டியத் தொடாதேன்னு ஒரு தந்தியா? பொண்ணுக்குக் குடுத்த சீரைத் திருப்பிக் கேக்கறியா, ஆல்மா?" என்றாள். எனக்கு இருந்த எரிச்சலில் அவள் அடி வாங்காமல் தப்பித்ததே பெரிது.

நடந்ததைச் சொல்கிறேன். முன்னாள் படைவீரர் சங்கத்தின் ஆண்டு விழா சனிக்கிழமை நடந்தது. போரிலிருந்து அவரவர் கொண்டுவந்த சாமான்களைக் கண்காட்சியாக வைப்பது வழக்கம்தான். தொப்பி, கொடி, கத்தி எல்லாம் எல்லோரும் பார்த்துச் சலித்துவிட்டதால் இந்த வருஷம் பெட்டிகள் என்று முடிவு செய்தார்கள். இந்தப் பக்கத்தில் ஜெர்மன் ராணுவப் பெட்டி ஒன்று கிடக்காத மாட்டுக்கொட்டில் எங்கே இருக்கிறது? சாமான்களை ஊருக்கு அனுப்ப அதைவிட உறுதியான பெட்டி அங்கே கிடைக்கவில்லை என்று ஆளுக்கொன்றைப் பொறுக்கிக்கொண்டார்கள். தபாலில் போடுமுன் அதன்மேல் இருக்கும் ஜெர்மன் எழுத்தை அழித்துவிட வேண்டும் என்று அங்கே உத்தரவாம். அதனால் எல்லோரும் பெயிண்டைப் பூசி, மேலே தங்கள் ஊர் விலாசத்தை எழுதி அனுப்பிவிட்டார்கள். எந்தப் பெட்டியில் எது இருந்தது என்று இன்றைக்கு ஒருவருக்கும் தெரியாது. அதைக் கண்டுபிடிப்பதுதான் போட்டி. ஜெயிப்பவருக்கு நான் செய்த பாதாம் கேக்.

பெட்டிகளை நீள மேசைகளில் வரிசையாக வைத்திருந்தார்கள். ஒன்றில் இன்னும் ஓட்ஸ் ஒட்டியிருந்தது. ஒன்றில் மீன் நாற்றம். ஆண்கள் சுற்றிச் சுற்றி வந்து பிடியை இழுத்தார்கள், மூலையைத் தட்டினார்கள், கொக்கியைத் திருகினார்கள். கயிற்றுப் பிடி என்றால் பீரங்கிக் குண்டுதான் என்று ஒருவர் சொன்னார். நம் அடுத்த பண்ணை ஹால்வர் லுண்டே விடுவாரா? "அந்தக் குண்டு என் பக்கத்துலேயே வந்து விழுந்திருக்கு. எனக்குத் தெரியாதா?" என்றார். உடனே உன் அப்பா, "விழுந்துமா உனக்குப் புத்தி வரலே?" என்றார். கூடமே சிரித்தது. உன் அப்பா நாலு பேர் நடுவில் வாயைத் திறந்து நான் பார்த்து எத்தனை காலமாயிற்று! எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஹால்வருடைய பெட்டி இத்தனை வருஷமும் கோழி முட்டையிடும் பெட்டியாக இருந்தது. பெர்த்தா அதைச் சோடாக் காரம் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக் கொடுத்திருந்தாள், பாவம். உள்ளே அடியில் பள்ளம் பள்ளமாக வெட்டிய ஒரு மரச்சட்டம் திருகி வைத்திருந்தது. அந்தப் பள்ளத்தின் அளவை வைத்து என்ன சாமான் என்று சொல்லிவிடலாம் என்று ஹால்வர் திருப்புளியை எடுத்துச் சட்டத்தைக் கழற்றினார். கழற்றியது எங்கே தெரியுமா? எங்கள் காபிப் பானைக்குப் பக்கத்தில்.

சட்டத்துக்குக் கீழே காய்ந்த வைக்கோலும் கோழி எச்சமும். அதன் நடுவில் பென்சில் துண்டு போல அலுமினியக் குழல்கள் சில கிடந்தன. ஹால்வர் ஒன்றை விரலால் எடுக்கப் போனார். மளிகைக் கடை ரேமண்டை நினைவிருக்கிறதா, இடது கையில் விரல்கள் இல்லாதவர்? அவர் அந்த விரல்களை எங்கே விட்டார் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. அவர் குரல் நடுங்கி நான் முதல்முறையாகக் கேட்டேன். "ஹால்வர், கையை எடு. யாரும் மேசையில கை வைக்காதீங்க. அது டெட்டனேட்டர்."

கோட்டுகூட எடுக்காமல் எல்லோரும் பனியில் வந்து நின்றோம். சாயங்காலம் ராணுவ முகாமிலிருந்து ஆட்கள் வந்து மணல் வாளியில் அவற்றை எடுத்துப் போனார்கள். கண்ணிவெடிப் பெட்டியாம் அது. வெடிக்கவைக்கும் குழல்களைத் தனியாகச் சட்டத்துக்கு அடியில் வைப்பார்களாம். பழசாக ஆக அதற்குக் கோபம் கூடும் என்று அந்த அதிகாரி சொன்னார். சூடு ஆகாது, குலுக்கல் ஆகாது.

வண்டியில் திரும்பி வரும்போதுதான் உன் கிறிஸ்துமஸ் கடிதம் ஞாபகம் வந்தது. உன் நீலப் பெட்டியும் அப்பா அங்கிருந்து அனுப்பியதுதானே. ஆர்விட் நீலப் பெட்டியின் கயிற்றுப் பிடியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கிறான், பெட்டியைக் குலுக்குகிறான், உள்ளே கடகடவென்று சத்தம் வந்தால் சிரிக்கிறான் என்று எழுதியிருந்தாயே. நீயும் சிறு வயதில் அப்படித்தான் குலுக்குவாய். கோலிக்குண்டு ஏதோ அடியில் மாட்டிக்கொண்டது என்று நாங்கள் இருந்துவிட்டோம். உள்ளே இருந்த சட்டம் உன் கையைக் கீறும் என்று உன் அப்பாதானே அதன்மேல் பலகை வைத்து ஆணி அடித்தார்? அந்தப் பலகைக்குக் கீழே என்ன இருக்கிறது என்று யார் பார்த்தார்கள்?

அப்பாவிடம் கேட்டேன். ஸ்டீயரிங்கைப் பார்த்துக்கொண்டே, "அதுல ஒண்ணுமில்ல, ஆல்மா" என்றார்.

உங்கள் ஊருக்கு அருகே ரேடார் முகாம் இருக்கிறதென்று எழுதியிருந்தாய். அங்கே வெடி தெரிந்த ஆள் இருப்பார். டுவேன் தானே ஆணியைப் பிடுங்கிப் பார்க்கிறேன் என்று கிளம்பினால் என் பெயரைச் சொல்லித் தடுத்து நிறுத்து. மாப்பிள்ளைக்குக் கைவேலையில் இருக்கும் ஆசை எனக்குத் தெரியும்.

உன் அம்மா,
ஆல்மா

*

பிப்ரவரி 24, வெள்ளி

அன்பு வெர்னா,

உன்னிடமிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. மில்ட்ரெட்டைக் கேட்டால், அந்தப் பக்கம் புயல், ரேடியோவில் ஒன்றும் கேட்கவில்லை என்று ஆங்கரேஜிலிருந்து பதில் வந்ததாம். தந்தி உங்களுக்குக் கிடைத்ததா இல்லையா என்று அவர்களுக்கும் தெரியாது. போன கடிதம் விமானம் கிளம்பக் காத்து எங்கேயோ பையில் கிடக்கும். அது தெரிந்தும் இதை எழுதுகிறேன். எழுதாவிட்டால் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

சாமான் அறையை ஒழுங்குபடுத்தினேன். மறுநாளும் ஒழுங்குபடுத்தினேன். ஆர்விட்டுக்குப் பின்னிய காலுறையில் குதிகாலை மறந்துவிட்டு நேரே பின்னிக்கொண்டே போய், யானைத் தும்பிக்கை மாதிரி ஆனபிறகு பார்த்துப் பிரித்தேன். லெஃப்ஸே ரொட்டி சுட்டேன், அத்தனையும் கருகிவிட்டது. உன் அப்பா கருகியதை வெண்ணெய் தடவி ஒன்றும் சொல்லாமல் தின்றார். நன்றாக இருந்தால் குறை சொல்லும் மனுஷன்!

அதுதான் எனக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது. நான் கேட்கிற ஒவ்வொரு தடவையும் அதே பதில். "அதுல ஒண்ணுமில்ல." எப்படித் தெரியும் என்றால் எழுந்து மாட்டைப் பார்க்கப் போய்விடுகிறார். நம் மாடுகளை இந்த வாரம் போல யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். செவ்வாய்க்கிழமை வழியை மறித்துக்கொண்டு கேட்டேன். அப்போது புதிதாக ஒன்றைச் சொன்னார். ஹால்வர் பெட்டி வேறு, நம் பெட்டி வேறாம். நம்முடையதற்குத் தோல் பிடி இருந்ததாம், அது அறுந்துபோய் இவர்தான் கயிறு கட்டினாராம். தோல் பிடி போட்டது ரேடியோச் சாமான் பெட்டியாம்.

வெர்னா, அந்தப் பெட்டி வந்த அன்றைக்கு ஸ்டேஷனில் கையெழுத்துப் போட்டு வாங்கியவள் நான். போர் முடிந்திருந்தது, அவர் இன்னும் வந்து சேரவில்லை. அந்தக் கயிற்றைப் பிடித்து இழுத்துத்தான் வண்டியில் ஏற்றினேன். உள்ளங்கை சிவந்துபோனது இன்னும் நினைவிருக்கிறது. ஆனால் அவர் அவ்வளவு நிச்சயமாகச் சொன்னதும் எனக்கே குழப்பமாகிவிட்டது. நீ அதன்மேல் உட்கார்ந்திருக்கும் போட்டோவைத் தேடி எடுத்தேன். இரண்டு காலையும் அகட்டிப் பிடியை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய், மகாராணி மாதிரி.

அப்போதுதான் மூடி ஞாபகம் வந்தது. உன் விரலை நசுக்கியது என்று அப்பா பெட்டியிலிருந்து மூடியைக் கழற்றினாரே, அது எங்கும் போகவில்லை. நிலவறையில் ஊறுகாய்ப் பாட்டில்களுக்குத் தட்டாக இருக்கிறது. பாட்டில்களை இறக்கிவிட்டு அதை மேலே கொண்டுவந்து, சமையலறை மேசையில் போட்டு, கத்தியால் சுரண்ட ஆரம்பித்தேன். முதலில் நான் அடித்த நீலம் போயிற்று. அதன் கீழே வெள்ளையில் உன் அப்பா கையெழுத்து வந்தது: திருமதி செல்மர் டோர்கெர்சன் என்று என் பெயர், நம் ஊர், நம் மாநிலம். அதைச் சுரண்டக் கொஞ்சம் மனம் கேட்கவில்லை. ஆனாலும் என் பெயரை நானே சுரண்டி எடுத்தேன். கீழே சாம்பல் பச்சை. அதற்குள் கறுப்பில் ஜெர்மன் எழுத்து, அச்சு வைத்து அடித்தது.

மூடியைக் கம்பளியில் சுற்றி வண்டியில் போட்டுக்கொண்டு ஹால்வர் வீட்டுக்குப் போனேன். ராணுவத்தார் குழல்களை எடுத்துக்கொண்டு பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். பெர்த்தா அதை வீட்டுக்குள் விடமாட்டேன் என்று முற்றத்துப் பனியில் போட்டிருந்தாள். ஹால்வரும் அதன் எழுத்தைச் சுரண்டியிருந்தார். இரண்டையும் பக்கத்தில் வைத்தோம். எழுத்துக்கு எழுத்து ஒன்று. மூடியை அந்தப் பெட்டிமேல் வைத்தேன். அளவெடுத்ததுபோல் உட்கார்ந்துகொண்டது. கொக்கிகூட இரண்டும் மாட்டியது. ஹால்வர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "ஒரே குவியல்லேர்ந்து நாங்க ரெண்டு பேரும் எடுத்தோம், ஆல்மா. உன் புருஷன்தான், இது கனமா நல்லா இருக்குடான்னு எனக்கே காட்டினான்" என்றார்.

திரும்பி வரும் வழியெல்லாம் ஆர்விட்டின் கைதான் கண்முன் நின்றது. அந்தக் குண்டுக் கை, கயிற்றைப் பிடித்துக் குலுக்கும் கை. நான் அவனைப் பார்த்ததுகூட இல்லை, போட்டோவில்தான். கர்த்தரே, இதைப் பார்க்கத்தானா என்னை இத்தனை நாள் வைத்திருக்கிறீர் என்று வண்டியில் உரக்கவே கேட்டுவிட்டேன்.

மூடியைக் கொண்டுவந்து அவர் சாப்பிடும் தட்டுக்கு முன்னால் வைத்தேன். பார்த்தார். சாப்பிடாமல் எழுந்து போய்விட்டார். பெட்டியை நகர்த்தாதே, கண்ணே. கிடைத்தது என்று ஒரே ஒரு சொல்லாவது அனுப்பு.

அம்மா

*

பிப்ரவரி 27, திங்கள்

வெர்னா,

இன்றும் உன் தந்தி வரவில்லை. ஆனால் உன் அப்பா வாயைத் திறந்துவிட்டார்.

நேற்றுக் காலை கோயிலுக்குக் கிளம்புமுன் பால் கறக்கும் நேரம். நான் ஒரு மாட்டுக்கு இந்தப் பக்கம், அவர் அடுத்த மாட்டுக்கு அந்தப் பக்கம். நாங்கள் கல்யாணம் ஆனதிலிருந்து முக்கியமானது எல்லாம் கொட்டிலில்தான் பேசியிருக்கிறோம், முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை அல்லவா. மாட்டின் விலாவில் நெற்றியை முட்டுக்கொடுத்தபடியே சொன்னார்: "அது உள்ள ஆடறது குழல் இல்ல, ஆல்மா. கரண்டி."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. என்ன கரண்டி என்றேன்.

"வெள்ளிக் கரண்டி. ஞானஸ்நானக் கரண்டி. நான்தான் உள்ள வெச்சு ஆணி அடிச்சேன்."

உனக்குத் தெரியும், உனக்கு அந்தக் கரண்டி கிடையாது. நீ பிறந்தது மழையில்லாமல் மண் பறந்த காலம். கோதுமை முளைத்த இடத்திலேயே காய்ந்துபோயிற்று. உன் ஞானத்தாய் ஒரு பின்னல் தொப்பி கொண்டுவந்தாள், அதற்கே அவள் எத்தனை நாள் நூல் சேர்த்தாளோ. நம் சபையில் பெயர் வெட்டிய வெள்ளிக் கரண்டி இல்லாமல் ஞானஸ்நானம் வாங்கிய குழந்தைகளை விரல் விட்டு எண்ணலாம். யார் வீட்டு ஞானஸ்நானத்துக்குப் போய் வந்தாலும் அன்றைக்கு நான் புலம்புவேன்தான்.

போர் முடியும் தறுவாயில் இவர்களை ஒரு சின்ன ஊரில் ஒரு வீட்டில் தங்கவைத்தார்களாம். வீட்டுக்காரர்களைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். இவர் தீப்பெட்டி தேடி மேசை இழுப்பறையைத் திறந்தாராம். "வெல்வெட்டுத் துணியில சுத்தி வெச்சிருந்தாங்க. நம்ம வெர்னாவுக்கு ஒண்ணு இல்லியேன்னு தோணுச்சு. வேற எதுவுமே தோணல, ஆல்மா. அதை நினைச்சாத்தான் இன்னிக்கும் ஒரு மாதிரியா இருக்கு. காலைல கிளம்பறப்ப வேலிகிட்ட ஒரு பொண்ணு நின்னுக்கிட்டிருந்தா. நம்ம வெர்னா உசரம். என் சட்டைப் பையவே பாத்தா."

பெட்டி தபாலில் முன்னால் வந்துவிட்டது. கரண்டி அவர் பையிலேயே கப்பலில் வந்தது. அதில் பெயர் இருக்கும் என்று தெரியாதா என்று கேட்டேன். தெரியுமாம். தெரிந்தும் கப்பலில்தான் படித்துப் பார்த்தாராம். ஹன்னலோரே என்று வெட்டியிருக்கிறதாம். பிறந்த வருஷமும் இருக்கிறது. நீ பிறந்த அதே வருஷம்.

வந்ததும் கொட்டிலில் வைத்து அரத்தால் பெயரைத் தேய்த்துவிடலாம் என்று பார்த்தாராம். முதல் எழுத்தில் பாதி போவதற்குள் கை ஓடவில்லையாம். அது ஞானஸ்நானத்தில் கொடுத்த பெயர் அல்லவா, அதை அரம் வைத்துத் தேய்க்க யாருக்கு வரும்? "தூக்கி எறியவும் முடியல. உன் கையில குடுக்கவும் முடியல. சபையில மூப்பனாப் பேர் சொல்லிட்டாங்க, அடுத்த ஞாயித்துக்கிழமை காணிக்கைத் தட்டு பிடிக்கணும். அதான் பலகைய வெச்சு அடிச்சிட்டேன்" என்றார்.

எனக்கு முதலில் வந்தது கோபம்தான், மறைக்கமாட்டேன். திருடியதற்கு இல்லை. நான் புலம்பியதால்தான் எடுத்தேன் என்று பழியை என் தலையில் கட்டப் பார்க்கிறாரோ என்று ஒரு கோபம். ஒரு வாரமாக நான் செத்துச் செத்துப் பிழைத்துக்கொண்டிருக்க, ஒரு கரண்டியைச் சொல்ல இந்த மனுஷனுக்கு வாய் வரவில்லையே என்று அதைவிடப் பெரிய கோபம். பால் வாளியை எடுத்துக் கொட்டிவிடலாமா என்றிருந்தது. பிறகு அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். கரண்டிதானே! வெறும் கரண்டி! சிரிப்புக்கூட வந்தது.

சிரித்துக்கொண்டிருக்கும்போதே ஒன்று தோன்றியது. கேட்டேன். கரண்டியைச் சட்டத்தின் மேலே வைத்தீர்கள், அதன்மேல் பலகை அடித்தீர்கள், சரி. சட்டத்துக்குக் கீழே என்ன இருந்தது?

அவர் கறப்பதை நிறுத்தினார். மாடுகூடத் திரும்பிப் பார்த்தது. "பாக்கலியே" என்றார்.

அப்புறம் அவர் நின்ற இடத்தில் நிற்கவில்லை. வாளியை அப்படியே விட்டுவிட்டு, கோயிலுக்குப் போட வேண்டிய சட்டையைக்கூட மாற்றாமல் வண்டியை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனார். ஞாயிற்றுக்கிழமை தந்தி இல்லை என்று தெரியும், தெரிந்தும் போனார். மில்ட்ரெட் வீட்டுக் கதவைத் தட்டி அவளைக் கூட்டிவந்து திறக்கவைத்தாராம். இன்றும் விடிந்ததும் போய்விட்டார். "என் கையாலேயே கட்டிக் குடுத்தேனே, ஆல்மா, பேரன் வெச்சு விளையாடட்டும்னு என் கையாலேயே வண்டியில ஏத்தினேனே" என்று அதையே சொல்லிக்கொண்டிருக்கிறார். சாப்பிடுவதில்லை. போன வாரம் நான் எப்படி இருந்தேனோ, இப்போது அவர் அப்படி. எனக்காவது புலம்ப ஆள் இருந்தது. அவருக்குப் புலம்பத் தெரியாது.

கரண்டிதான் என்று நம்பி நீங்கள் பெட்டியைத் திறந்துவிடாதீர்கள். கரண்டி இருப்பது உண்மை. கீழே என்ன என்பது தெரியாது. முகாமிலிருந்து ஆள் வரும்வரை யாரும் தொட வேண்டாம்.

கர்த்தர் உங்களை மூடிக் காக்கட்டும்.

அம்மா

*

மார்ச் 16, வியாழன்

என் கண்ணான வெர்னாவுக்கு,

உன் தந்தி வந்த கதையை முதலில் சொல்கிறேன். "பெட்டி வெளியே. மூவரும் நலம்" என்று மில்ட்ரெட் அதைக் கையில் வைத்துக்கொண்டு பனியில் போடும் ஓவர்ஷூகூடப் போடாமல் தெருவில் ஓடிவந்தாளாம். அதுவரை ஸ்டேஷன் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்த உன் அப்பா அப்போதுதான் வண்டியைக் கிளப்பியிருந்தார், அதனால் அவர் பின்னால் ஓட வேண்டியதாகிவிட்டது. அன்றைக்குத்தான் வீட்டில் ஒரு தட்டு முழுசாகக் காலியானது.

உன் நீண்ட கடிதம் நேற்று வந்தது. தபால் பெட்டிக்கு இப்போது அவர்தான் தினமும் போகிறார். நேற்றுக் கன்று ஈனும் நேரமாகிவிட்டதால் நான் போனேன். அதற்காக அந்தக் கன்றுக்கு நன்றி சொல்கிறேன். ரோட்டிலேயே நின்று படித்தேன். குளிரில் கண்ணீர் கன்னத்தில் உறைந்ததும் தெரியவில்லை. ரேடார் முகாமின் சார்ஜென்ட் பலகையை எடுத்ததும் கரண்டி, சட்டத்தை எடுத்ததும் கீழே அலுமினியக் குழல்கள். அதில் ஒன்று வெள்ளை பூத்து வீங்கியிருந்தது என்று எழுதியிருக்கிறாய். இது எப்படி இத்தனை வருஷம் பொறுத்தது என்று அவர் தொப்பியைத் தூக்கித் தலையைச் சொறிந்தார் என்றும் எழுதியிருக்கிறாய். அந்த வரியை நான் இரண்டாம் முறை படிக்கவில்லை. படிக்கவும் மாட்டேன். பெற்ற பிள்ளையையும் பேரனையும் அதனோடு விளையாட விட்டிருக்கிறோம்.

அப்பாவைக் கேட்கப் போகிறேன், இதை எப்படிப் பார்க்காமல் விட்டார் என்று கேட்கப் போகிறேன் என்று கோபமாக எழுதியிருக்கிறாய். உனக்கு அந்தக் கோபம் வர உரிமை இருக்கிறது. எனக்கும் வந்தது. கடிதத்தைக் கையில் மடக்கிக்கொண்டு, அவரிடம் காட்டிவிடுவது என்றுதான் கொட்டிலுக்குள் நுழைந்தேன்.

கன்று அப்போதுதான் விழுந்திருந்தது. முழங்கை வரை ஈரத்தோடு மண்டியிட்டிருந்தவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கடிதம் வந்ததா என்று கேட்கவில்லை. "கீழ என்ன இருந்துச்சு?" என்று கேட்டார். அந்த முகத்தை நீ பார்த்ததில்லை, வெர்னா. நானும் பார்த்ததில்லை.

"கரண்டி மட்டும்தான். கீழ வெறும் வைக்கோல்" என்றேன்.

கேட்டுவிட்டு அவர் வைக்கோலிலேயே உட்கார்ந்துவிட்டார். கன்றின் கழுத்தில் கையை வைத்துக்கொண்டு, தோள் குலுங்க அழுதார். போருக்குப் போகும்போது அழவில்லை, வந்தபோது அழவில்லை, உன்னை டுவேனோடு ரயிலேற்றியபோதும் தொப்பியைத்தான் சரிசெய்தார். நேற்று அழுதார். இரவு நன்றாகத் தூங்கினார், குறட்டைதான் தாங்கவில்லை.

அதனால் உன்னிடம் ஒன்று கேட்கிறேன். இந்த வீட்டில் உன்னிடம் நான் அதிகம் கேட்டதில்லை. உன் கடிதத்தை நான் அடுப்பில் போட்டுவிட்டேன். நீ அப்பாவுக்குத் தனியாக, அவர் பெயருக்கு, ஒரு கடிதம் எழுது. கரண்டி கிடைத்தது என்று எழுது. அழகான வேலைப்பாடு என்று எழுது. முதல் எழுத்தில் அரம் பட்ட இடத்தைப் பற்றி ஒன்றும் எழுதாதே, அது அவருக்குத் தெரியும். பெட்டியில் வேறு ஒன்றும் இல்லை என்று எழுது. கோபத்தை எனக்கு எழுது, எத்தனை பக்கமானாலும் படிக்கிறேன்.

கரண்டியை நன்றாகச் சுற்றி, பதிவுத் தபாலில் அவர் பெயருக்கே அனுப்பிவிடு. போன ஞாயிறு ஆராதனை முடிந்ததும் போதகரிடம் அவராகப் போய்ச் சொல்லிவிட்டார். மூப்பர் பதவியை விட்டுவிடுகிறேன் என்றாராம். முதலில் கரண்டி போகட்டும், பதவியை அப்புறம் பார்ப்போம் என்று போதகர் சொல்லிவிட்டாராம். அந்த ஊர்ப் பெயரை உன் அப்பா இத்தனை வருஷத்தில் முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னார். அங்கேயும் நம் சபைதான். போதகர் அங்கே எழுதிக் கேட்கிறார். அந்தப் பெண் இருந்தால் அவளுக்கும் இப்போது கையில் ஒரு குழந்தை இருக்கும். கிடைக்காமலே போகலாம், அதுவும் அவருக்குத் தெரியும்.

வசந்தத்தில் உங்கள் ஊருக்குப் போதகர் விமானத்தில் வந்து ஆர்விட்டுக்கு ஞானஸ்நானம் கொடுப்பார் என்று எழுதினாய். இந்தத் தடவை கரண்டி நம் செலவு. ரேமண்ட் கடை மூலமாகச் சொல்லியாகிவிட்டது. பெயரைச் சரியாக வெட்ட வேண்டும் என்று உன் அப்பா அதைத் தானே எழுதிக் கொடுத்தார், பெரிய பெரிய எழுத்தாக.

உன்னையும் டுவேனையும் என் குட்டிப் பேரனையும் கர்த்தர் தம் கைக்குள் வைத்துக் காக்கட்டும். அந்த ஹன்னலோரேயையும் காக்கட்டும், எங்கே இருந்தாலும். உன் அப்பாவையும்.

உன் அன்பு அம்மா,
ஆல்மா

பி.கு.: இதை ஒட்டுவதற்குள் உள்ளே வந்தார். யாருக்கு எழுதுகிறாய் என்றார், உனக்கு என்றேன். "பெட்டிய எரிச்சுகிரிச்சுத் தொலைச்சிடப் போறா. நல்ல பலகை அது. அடிப்பலகையப் பிடுங்கிட்டு உள்ள இழைச்சு விட்டா இன்னும் ரெண்டு பிள்ளைங்க வளரும், சொல்லு" என்றார். நிலவறை மூடிக்கு மறுபடி நீலம் அடித்துக்கொண்டிருக்கிறார், கோடையில் நீங்கள் வரும்போது பெட்டியோடு சேர்த்து மாட்டவேண்டுமாம். சார்ஜென்ட் அந்தப் பெட்டியைக் கயிறு கட்டிக் கடல் பனிமேல் இழுத்துப்போய் வெடிக்கவைத்தார், ஒரு துண்டும் மிஞ்சவில்லை என்பது உனக்கும் எனக்கும் தெரியும். இருந்தாலும் அப்பாவுக்கு எழுதும்போது, ஆர்விட் அதற்குள் உட்கார்ந்துதான் கஞ்சி குடிக்கிறான் என்று ஒரு வரி சேர்த்துவிடு, கண்ணே.